பதினேழாம் அத்தியாயத்தில் அப்பா

தஞ்சாவூர்
20.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பூமிகா எழுதுவது. சாப்பிட்டேன், தூங்கினேன், காய்ச்சல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ நிம்மதியாகப் படிப்பாய். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவுக்குக் கரையில் கால் தரிக்காதே, என்ன செய்கிறார்?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று கோபப்படாதே. போனில் நீ எப்போது வருகிறாய் என்று கேட்பாய். நான் வருகிறேன் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பேச வருகிறது.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். காலையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பொதுத்தமிழ் நடத்துகிறேன். நான் நாவல் எழுதுவது எப்படியோ பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க நாவல்லேருந்து குரூப் ஃபோர்ல கேள்வி வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் அறைக்குத் திரும்பினால் வீட்டுக்காரர் தியாகேசன் சார் மாடிப்படிக்குக் கீழே நின்று, "நேத்து எத்தனை பக்கம்மா?" என்பார், பால்காரரிடம் எத்தனை லிட்டர் என்று விசாரிப்பதுபோல. மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து எழுதுவதை மறுநாள் நானே அடித்துவிடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று பக்கம் என்று சொல்லிவைப்பேன். நல்ல மனிதர், மூன்று என்றாலே சந்தோஷப்படுவார்.

சந்தோஷமே இல்லை என்றும் நினைக்காதே. போன வாரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஆறு மாதமாகப் பிடிபடாத ஒரு வரி, பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தானாக வந்தது. பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு இலவச டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இடம் போதாமல் பக்கத்தில் நின்ற அக்காவிடம் அவருடைய டிக்கெட்டையும் கேட்டு வாங்கினேன். கொடுத்துவிட்டு அவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன் அம்மா. ஆனால் யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை நானே இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னைப் பதிப்பகத்திலிருந்து ஒரு வழியாகப் பதில் வந்துவிட்டது. முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் கடைசி வரை படித்திருக்கிறார்கள். புத்தகமாகப் போட விருப்பம்தானாம். ஆனால் கதையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லையாம். கோவிந்தராசு என்கிற மீனவர் பாத்திரம் மட்டும் மனதில் நிற்கிறதாம். அவர் கடலில் இறந்துபோனால் புத்தகத்துக்குக் கனம் கூடும் என்கிறார்கள். யோசித்து, ஜூன் மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

கோவிந்தராசு யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சும்மா எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பதினேழாம் அத்தியாயத்தில் படகு கவிழ்ந்துவிட்டது. எழுதி முடித்த அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலே சாப்பிட்டேன் என்று எழுதியது இன்றைக்கு மட்டும்தான் உண்மை. ஆனால் நாவலிலேயே அந்த அத்தியாயம்தான் நன்றாக வந்திருக்கிறது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

முழுவதையும் அச்செடுத்து இதோடு அனுப்புகிறேன். நீ படித்துவிட்டுச் சொல். நீ வேண்டாம் என்றால் அந்த அத்தியாயம் வேண்டாம். அப்பாவிடம் மட்டும் காட்டாதே. மூன்றாம் வகுப்போடு நின்றவர் எங்கே படிக்கப் போகிறார்! இருந்தாலும் பரண்மேல் வைத்துவிடு.

புத்தகத்தோடுதான் வீட்டுக்கு வருவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் நான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சாயங்காலத்துக்கு மேல் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே படுத்துவிடுகிற நாட்கள்தான் இங்கே அதிகம். அப்போதெல்லாம் நான் எழுதிவைத்திருக்கிற மனிதர்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதிகமாகப் பேசுவது கோவிந்தராசோடு. இப்போது அவரும் இல்லாமல் அறை ஒரு மாதிரி இருக்கிறது.

உடனே பதில் போடு.

உன் மகள்,
பூமிகா


சேதுபாவாசத்திரம்
4.6.2025

அன்பு மகள் பூமிகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். செத்துப்போன உன் அப்பாவும் சுகம்.

கட்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் வந்தபோது நான் பேராவூரணிக்குப் போயிருந்தேன். உன் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீ அப்பாவிடம் காட்டாதே என்று எழுதிய கடிதத்தைக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தாய். நான் வந்து அதை எடுத்துப் படிப்பதற்குள் அவர் நாலு பக்கம் தாண்டிவிட்டார். எழுதுகிறவளுக்கு எதை மேலே வைப்பது எதைக் கீழே வைப்பது என்றுகூடவா தெரியாது?

அவர் எங்கே படிக்கப் போகிறார் என்று எழுதியிருந்தாய். தடைக்காலத்தில் அவருக்கு வேறு என்ன வேலை? வலையில் கிழிசலெல்லாம் பொத்தியாகிவிட்டது, படகுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். சத்தமாகப் படித்தால்தான் அவருக்குப் புரியும். காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்தால் இருபது பக்கம் போகும். முதல் நாள் எதிர்வீட்டு வள்ளியம்மை நின்று கேட்டாள். மறுநாள் முறமும் அரிசியுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது தெருவுக்கே உன் கதை தெரியும். குழாயடியில் சண்டை போடுகிற செல்லம்மா தான்தான் என்று வள்ளியம்மை கண்டுபிடித்துவிட்டாள். என்னைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று பயந்தேன். "சண்டை போட்டத எழுதுனவ, நான் ஜெயிச்சத ஏன் எழுதல?" என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயாக்கும். வலையிலிருந்து நண்டை எடுக்கும்போது "கோவிச்சுக்காத, கால ஒடைக்காம எடுக்குறேன்" என்று அதனிடம் பேசுகிற மனிதர் இந்தக் கரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கோவிந்தராசு நண்டோடு பேசுகிற இடம் வந்ததும் உன் அப்பா படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாமா பாத்து வச்சிருக்கு புள்ள?" என்றார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் டீக்கடையில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குத்தான் பதினேழு நெருங்க நெருங்க இன்னும் எத்தனை பக்கம் என்று எண்ணுவதே வேலையாகிவிட்டது. கடலுக்குக் கிளம்புகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூட மாட்டோம். வாயில் வைத்துச் சொல்லக் கூடாத வார்த்தை என்று எத்தனை இருக்கிறது நம் வீட்டில். நீ அதையே எழுதி, அச்செடுத்து, தபாலிலும் அனுப்பியிருக்கிறாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தேன். அந்தப் பக்கங்களை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்தும் வைத்தேன். பக்க எண் விட்டுப்போகிறதே என்று அவர் வீட்டையே புரட்டிப் போட்டார். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

படகு கவிழ்கிற இடத்தில் வள்ளியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. உன் அப்பா மட்டும் யாருக்கோ நடந்ததுபோல நிதானமாகத் தன் சாவைப் படித்து முடித்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கினேன். இந்தக் கண்றாவியை மாற்றச் சொல்லி இப்போதே அவளுக்குப் போன் போடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. "இரு நீலா, இதக் கேளு" என்று அடுத்த பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். சேதி கேட்டு மகள் பட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்றுகூடத் தெரியாமல் சுடுமணலில் வெறுங்காலோடு கரைக்கு ஓடி வருகிறாள். அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, புள்ள வந்துருச்சு" என்றார். அவர் கண்ணைத் துடைத்தது தான் செத்ததற்காக இல்லை பூமிகா, நீ வந்ததற்காக.

அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டேன் என்கிறார். கதை எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டேன். "இதுக்கு மேல படிச்சா அது திரும்பிப் போயிரும்" என்கிறார். தினமும் அந்த ஒரு பக்கத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார். மடித்து மடித்துக் காகிதம் துணி மாதிரி ஆகிவிட்டது.

பதிப்பகத்தார் கேட்டதையும் அவரிடம் சொன்னேன், மறைக்க மனசு வரவில்லை. கையிலிருந்த பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் செத்தா புக்கு வரும். புக்கு வந்தாத்தான் வீட்டுக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அப்ப சாவட்டும் விடு, கதையிலதான?" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்த பிறகு நான் உட்கார்ந்து அழுதேன்.

நீ என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாய். உன் புத்தகத்தில் அவர் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அது உன் தொழில். அதில் நான் தலையிடவில்லை. அந்த அத்தியாயம் நன்றாகத்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்.

பேச ஆளில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம். உன் கட்டு வந்த பிறகுதான் இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டது. பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாயே, அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உன் அப்பா தேடிப் பார்த்தார், தெரியவில்லை என்றார். நேரில் காட்டு.

ஆனி ஒன்றாம் தேதி படகு இறங்குகிறது. படகின் முன்னே மஞ்சள் குங்குமம் வைப்பது சின்ன வயதிலிருந்து நீதான். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் வள்ளியம்மையின் பேத்தி வைத்தாள். தேங்காய் உடைத்து, மற்ற படகுகள் எல்லாம் கிளம்பிய பிறகும் உன் அப்பா எஞ்சினைப் போடாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரமாகிறது என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினார்.

கையில் புத்தகம் இல்லையே என்று யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை. வள்ளியம்மை கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ எழுதுவதெல்லாம் நல்லபடி வரும். தஞ்சாவூரில் விடியற்காலை வண்டியைப் பிடித்துப் பட்டுக்கோட்டையில் மாறினால் போதும். கதையில் வருகிறவள் மாதிரி வெறுங்காலோடு ஓடி வராதே, மணல் சுடும். செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாகவே நடந்து வா. அவர் கரையில் நின்றுகொண்டுதான் இருப்பார்.

உன் அம்மா,
நீலாயதாட்சி