அக்காவின் உத்தரவு

என் ஆசை அக்கா,

இன்று பெரிய வெள்ளி. குருநகர்க் கரை முழுக்க வள்ளங்கள் இழுத்து ஏற்றிக் கிடக்கின்றன. நேற்றிலிருந்து கோயில் மணியும் வாயை மூடிவிட்டது. இனி நாளை காலைப் பூசையில்தான் அடிக்கும். ஊரே பேசாமல் இருக்கிற நாளில் உன்னோடு பேசலாம் என்று குந்தியிருக்கிறேன். நீ காய்ச்சலில் போய் இரண்டு வருசமாகியும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான். எட்டு மாசக் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு யார் உன்னைப் போகச் சொன்னது?

செய்தி கேள். என்னை அத்தானுக்கே கட்டிக்கொடுக்க நம் ஐயா யோசிக்கிறார். செத்த அக்காவின் மாப்பிள்ளையைத் தங்கை கட்டுவதென்றால் சுவாமிமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் உத்தரவு வேண்டுமாம். அதுவும் வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை ஐயாவுக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும்.

சின்ன வயதில் உன் பழைய சட்டைதான் எனக்கு. கோயிலுக்கு இருவருக்கும் ஒரே முக்காடு: முதற்பூசைக்கு நீ, இரண்டாம் பூசைக்கு நான். திருநாளில்கூட நாம் சேர்ந்து பூசை கண்டதில்லை. இப்போது உன் மாப்பிள்ளையுமா? சிரிக்காதே. எனக்கென்று புதிதாக ஒன்றுமே வராதா என்று ஒரு கிழமை அழுதேன்.

அத்தானைக் குறை சொல்லமாட்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "திரேசா, உமக்கு மனமில்லாட்டி இப்பவே சொல்லும். மாமாவோடை நான் கதைக்கிறன்."

"உங்களுக்கு மனமிருக்கோ?"

வலையூசியைக் கீழே வைத்தார். "நான் அவளை மறக்கேல்லை. மறந்திட்டன் எண்டு உமக்குப் பொய் சொல்லமாட்டன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது, அக்கா. பிடித்துவிட்டதே என்றுதான் பயமாக இருந்தது.

குருத்து ஞாயிறன்று உன் மகள் றோசலின் என் கையிலிருந்த ஓலையை இழுத்து, "அம்மா, தா" என்றாள். அதுவரை என்னைச் சின்னம்மா என்றவள். "சின்னம்மா எண்டு சொல்லு!" என்று கோயிலில் எல்லோருக்கும் கேட்க அதட்டிவிட்டேன். பிள்ளை விம்மி விம்மி அழுதாள். உன்னுடைய சொல்லை நான் திருடுவதுபோல் இருந்தது.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அந்தப் பாவத்தைச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. "சுவாமி, செத்தவையெல்லாம் உயிர்த்தெழும்புற கடைசி நாளிலை அக்கா வந்து, என்ரை மனுசன் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன்.

சுவாமியார் சிரித்துவிட்டார். "அங்கை மோட்சத்திலை புருசன், பெண்சாதி எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. குழந்தையை அழப்பண்ணினதுக்கு ஒரு செபமாலை சொல்லு."

செபமாலை பாதியில் யோசனை வந்தது. அங்கே நீ அத்தானின் பெண்சாதி இல்லை, நானும் இல்லை. அப்படியென்றால் நாம் யார்? அக்கா, தங்கை இல்லை என்று சுவாமியார் சொல்லவில்லையே! திரும்பிப் போய்க் கேட்கவும் இல்லை. ஏதாவது சொல்லிக் கெடுத்துவிட்டால்?

இன்று கோயிலில் சிலுவையை முத்தி செய்துவிட்டு, றோசலினை உன்னைப் புதைத்த சேமக்காலைக்குக் கூட்டிவந்தேன். உன் சிலுவையடியில் நிறுத்தி, "இதுதான் உன்ரை அம்மா" என்றேன். அவள் சிலுவையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இப்போதுதான் எண்ணப் பழகுகிறாள். விரலை நீட்டி, "ஒண்டு அம்மா, ரெண்டு அம்மா" என்றாள்.

நான் திருத்தவில்லை. மேற்றிராணியார் தன் உத்தரவைக் கடுதாசியில் முத்திரை குத்தி அனுப்பினார். நீ இவளிடம் சொல்லி அனுப்பினாய் என்று எடுத்துக்கொண்டேன். பிழையா, அக்கா?

திங்கட்கிழமை ஐயாவிடம் ஓம் என்று சொல்லப்போகிறேன். றோசலினுக்கு உன் முகம் நினைவில் இல்லை; உன் குரலும் குறும்பும் எப்படி என்று நான் சொல்லி வளர்ப்பேன். கலியாணத்துக்கு எனக்குப் புது முக்காடுதான் வேண்டும் என்று அத்தானிடம் கேட்பேன், வெட்கப்படமாட்டேன். உன்னுடையதை மடித்துப் பெட்டகத்தில் வைப்பேன். நான் உன்னிடம் வரும் நாளில் இரண்டையும் கொண்டுவருவேன். அங்கே ஒரு பூசைக்காவது நாம் சேர்ந்து போவோம்.

அங்கேயும் உன் தங்கைதான்,
திரேசா