இரண்டு விரல் பள்ளம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அதைத் தனியாக விசாரிக்காவிட்டால் அதற்குக் கோபம் வரும். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைப் போனிலேயே கேட்கலாம்தான், ஆனால் மற்ற விஷயத்தைச் சொல்லும்போது நீ சிரிப்பது என் காதில் விழும்.

ஆற்றிலிருந்து வரும் பழைய வாய்க்கால் நம் தெருமுனையில் இரண்டாகப் பிரிகிறதே, அங்கே பதித்திருக்கும் பிரிவுக் கல்லில் இரண்டு வாய். ஒன்று நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு, மற்றது கடைக்கோடிக்கு. போன மாதம் அதைப் பழுதுபார்க்க அளவு எடுக்க ஆபீஸில் என்னைத்தான் அனுப்பினார்கள். கடைக்கோடி வாய் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. இருபத்தாறு வருஷம் நிலம் அளந்த மேதாவி நான், தேய்மானம் என்று எழுதி, சிமென்ட் பூசி இரண்டையும் சமமாக்கிவிட்டேன். இதுல ஏதோ இருக்கும்மா, சும்மா விடுங்க என்று கொத்தனார் சொன்னார். நான் யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்? ஆற்றில் நீர் குறைந்ததும் பாதித் தண்ணீர் நம் பக்கம் திரும்பிவிட, மீதியை வழியில் மண்ணே குடித்துவிட, கடைக்கோடியில் உன் அத்தையின் நாற்றுப் பண்ணை முழுக்கத் தலை தொங்கிவிட்டது. அண்ணி வேணும்னே பண்ணிட்டாங்க என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவளோடு உப்புப் பெறாத சண்டை நிறையப் போட்டிருக்கிறேன், ஆனால் செடியோடு எனக்கென்ன பகை? மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் நெடுக நடந்தேன். நம் தெருமுனை போக இன்னும் ஆறு இடத்தில் அது பிரிகிறது, ஆறிலும் கடைசிப் பக்கம் போகும் வாய் அதே இரண்டு விரல் தாழ்வு, மயிரிழை வித்தியாசமில்லை. தண்ணீர் குறைந்தால் முதலில் கடைசி ஆளுக்கு, ஏறினால்தான் மேலே இருப்பவனுக்கு. காவலாளும் இல்லை, பூட்டும் இல்லை, வாய்க்கால் வெட்டிய அந்தக் காலத்து ஆட்கள் கல்லை வெட்டியதிலேயே நியாயத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆற்றின் அந்தப் பெரிய வளைவுகூட அவர்கள் கரை போட்டுத் திருப்பியதாம். தலைமுறை தலைமுறையாகத் தூர்வாரிக் கொட்டிய சேறுதான் மேடாகி, அந்த மேட்டின் மேல்தான் நம் தெருவே கோணல்மாணலாக உட்கார்ந்திருக்கிறது. நான் என்னவோ ஆற்றங்கரையில் வீடு கட்டியதாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பூசிய சிமென்ட்டை எடுக்க ஆபீஸில் அனுமதி கேட்டேன். பதவி உயர்வு வர்ற நேரம்மா, சிமென்ட் தானா வெடிச்சிருச்சுன்னு எழுதிடுங்களேன் என்றார் மேலதிகாரி. என் தவறு என்றே எழுதிக் கொடுத்தேன். உயர்வு இந்த வருஷம் இல்லை. உன் அப்பாதான் என்னைவிட அதிகமாகப் பெருமூச்சு விடுகிறார். கொத்தனார் சிமென்ட்டைச் செதுக்கும்போது உன் அத்தை கரையில் கைகட்டி நின்று, அண்ணி, நல்லா அளந்து பாத்துக்குங்க, அப்புறம் இதையும் தேய்மானம்னு எழுதிடப் போறீங்க என்றாள். இன்னொரு தரம் அளந்தேன். தண்ணீர் அவள் பக்கம் நழுவியதும் அதன் கூடவே நடந்து போய்விட்டாள். நம் பக்கத்து வாய் காய்ந்தது. பாதி நாற்று பிழைத்தது, பாதி போய்விட்டது. நான்காம் நாள் அவளே போன் செய்தாள். எனக்குப் போதும் அண்ணி, என் பண்ணை மடையை அடைச்சிட்டேன், உங்க பக்கம் ஏறுதா பாருங்க என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், ஏறிக்கொண்டிருந்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அத்தைக்கு ஒரு போன் போடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவளிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் கெத்து பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா