அட்டை எறிந்த குடல்

3.6.1974, திங்கள்

கடலட்டை இன்று என் வெள்ளைச் சட்டையில் தன் குடலை எறிந்தது. வெருண்டால் அது அப்படித்தான் செய்யும். புதுச் சட்டை. அதன் தோலில் ஒரு துண்டுதானே கேட்டேன்? பேராசிரியர் தங்கரத்தினம் வெள்ளிக்கிழமை லண்டன் போகிறார். பதப்படுத்திய தோலைக் கொடுத்துவிட்டால், அங்கே பிசினில் இறுக்கி, கண்ணாடிக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுப்பார்கள். படம் தெளிவாக வந்தால் எனக்குப் புலமைப்பரிசில். வராவிட்டால் துறைமுகத்தில் சூடைமீனை எடைபோட்டே கிழவனாவேன்.

வந்த கோபத்தில் அந்தக் குடலை வழித்து, தோலுக்கென்று வைத்திருந்த பதப்படுத்தும் மருந்துப் போத்தலில் போட்டு மூடிவிட்டேன். கிடக்கட்டும் சனியன்.

4.6

கடலில் மூழ்கி எனக்கு அட்டை பிடித்துத் தரும் சுழியோடி மஹ்ரூப், குச்சவெளியிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார். தொட்டால் கல்லாகிறது, கத்தி இறங்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேசை முழுக்கக் களியாய் உருகிக் கிடக்கிறது. இதென்ன சீவனா, பாகா?

6.6

கடைசி அட்டை. "நான் நாளைக்குக் காலமை வரும்வரைக்கும் பழுதாகாமப் பாருங்கோ" என்று மஹ்ரூபிடம் சொன்னேன். "அதுதானே சேர் எங்கட தொழில்" என்றார். நிம்மதி.

7.6, வெள்ளி

அவிச்சுப்போட்டார். அவித்து, மண்ணில் தாட்டு, சுரண்டி, வெயிலில் காயப்போட்டிருக்கிறார். "இனி ஒரு வருசத்துக்கும் பழுதாகா சேர்" என்கிறார், பெருமையாக. சிங்கப்பூருக்கு அனுப்பும் அட்டையை அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பழுதாகக்கூடாது என்று நான்தானே சொல்லித் தொலைத்தேன். அழுகை வந்தது.

வேறு வழி? அவித்த தோலில் ஒரு துண்டைக் குடல் கிடந்த அதே போத்தலில் போட்டுக்கொண்டு ஸ்ரேசனுக்கு ஓடினேன். ரயிலில் ஏற நின்ற பேராசிரியருக்கு நடந்ததெல்லாம் சொன்னேன், குடல் கதை உட்பட. சிரித்து முடித்துவிட்டு, "அந்தக் குடலையும் தாரும். உந்த அவிச்ச தோலை மட்டும் கொண்டுபோக ஏலாது" என்றார்.

19.8

படங்கள் வந்துவிட்டன. தோல் வெறும் கஞ்சி. குடல்? ஒவ்வொரு உயிர்க்கலமும் பளிச்சென்று நிற்கிறது. எறிந்த கையோடு மருந்துக்குள் போனதுதான் காரணமாம். புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது எனக்கு! ஆராய்ச்சி குடலில்தான், போகும்போது இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

மஹ்ரூபுக்குத்தான் பிடிபடவில்லை. "நாங்க கடல்ல வீசிற சாமான் சேர். அதுக்கா லண்டன்?"

26.8

குடலை எறியட்டும் என்று காலையிலிருந்து புது அட்டைக்கு முன்னால் பழைய சட்டையோடு நிற்கிறேன். கத்தினேன். வாளியைத் தட்டினேன். அதன் பரம்பரையையே திட்டினேன். அசையவில்லை.

வாசலில் நின்று பார்த்த மஹ்ரூப் மெதுவாகச் சொன்னார்: "வீணா மினக்கெடாதீங்க சேர். உங்களுக்கு உள்ளுக்குச் சிரிப்பு. அட்டைக்கு அது வெளங்குது."