நஸ்ரீன் போட்ட சாய்ந்த தையல்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. டிரம்மில் உப்புத் தண்ணீர் மாற்றினேன். கல்லுப்பு இரண்டு படி. ஊறப் போட்டவை:
அலை பிரிண்ட் ஷார்ட்ஸ் 2
அன்னாசி பிரிண்ட் 1
தொப்பி 2 (பச்சை, மஞ்சள்)
ஈரத்துணி போடும் பை 1
மூன்று நாள். சாயம் போகிறதா, நாடா நுழைகிற கண்ணி வளையம் துருப்பிடிக்கிறதா பார்க்க.

கோவளத்திலிருந்து பிரவீன் போன். கடலில் பலகை மேல் நின்று அலை ஏறச் சொல்லிக்கொடுக்கிற பையன். கூடவே கரையில் துணிக்கடை. போன கோடை முழுக்க என் சரக்குதான். இந்தக் கோடைக்கு முதல் லாட் 250 ஷார்ட்ஸ், ஒரே ஆளிடம்; ஓடினால் மே வரை அவருக்கே. 15ஆம் தேதி சாம்பிள் பார்த்து முடிவாம். "நஸ்ரீனக்காவும் குடுத்திருக்காங்க. ரெண்டையும் வச்சுப் பாக்கலாம் ஸ்டெல்லாக்கா" என்கிறான்.

எந்த நஸ்ரீன் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

எழுதியாவது தீர்க்கிறேன். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே லைன். அவள் மிஷினில், நான் செக்கிங்கில். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள், தாமதமானால் நான்தான் சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிக் காப்பாற்றுவேன். நான் வேலையை விட்டு மேனாம்பேட்டில் இரண்டு மிஷின் போட்டேன். இன்று பன்னிரண்டு. நான்கு வருஷம் என்னிடம் தொப்பி தைத்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் "சொந்தமா பண்ணிப் பாக்கறேங்க்கா" என்று போனாள். கேக் வெட்டி அனுப்பினேன். மனசாரத்தான். அவள் தோற்றுப்போவாள் என்று நினைத்ததால் மனசாரத்தான்.

இந்த ஆர்டர் போனால் ஏப்ரல், மே இரண்டு மாசமும் மிஷின் மேல் துணி மூட வேண்டியதுதான்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஆறரைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு நேராக யூனிட்.

தவக்காலத்துக்கு எதை விடுவது? பொறாமையை விடலாமா என்று யோசித்தேன். காபியை விட்டேன்.

டீ நேரம் (எனக்கு வெந்நீர்). கட்டிங் மாஸ்டர் தனபால் போனை நீட்டினார்.

"யக்கா, இத்தப் பாரேன். நம்ம நஸ்ரீனு! மீனு கணக்கா கீது!"

பிரவீன் தன் கடைப் பக்கத்தில் போட்ட வீடியோ. போன மாசம் எடுத்தது போல. நஸ்ரீன் (இனி ந. போதும்) பலகை மேல். முழுக்கை மேல்சட்டை, முட்டி வரை ஷார்ட்ஸ், உள்ளே காலை மூடிக் கறுப்பில் இறுக்கமான உடை, தலையில் முடி தெரியாமல் இறுக்கிய தொப்பி. அந்தத் தொப்பி என் பேட்டர்ன். நாற்பத்தோரு வயசு. இடுப்பை வளைத்து, கையை விரித்து, அலை மேல் நிற்கிறாள். வாயெல்லாம் பல்.

"இது எதுக்கு மாஸ்டர் எனக்கு?"

"சும்மா தமாசுக்குக்கா. அந்தம்மா பஸ்ஸுல கம்பியப் புடிச்சே நிக்கத் தெரியாது, இங்க தண்ணி மேல நிக்குது பாரு."

லிங்க் அனுப்பச் சொன்னேன். வியாபாரத்துக்காக என்றேன். பதினொரு தடவை பார்த்தேன். பதினொன்றிலும் நின்றாள். ஒரு தடவையாவது விழுவாள் என்று பார்த்தேனோ என்னவோ.

டிரம்: சாயம் போகவில்லை. கண்ணி சுத்தம். என் சரக்கில் குறை ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வானகரத்தில் பைபாஸ் ஏறி, கோவளம் போக ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் லாரி. சாம்பிளை முன்கூட்டியே காட்டுவதாகச் சாக்கு. உண்மையில் ந. என்ன கொடுத்திருக்கிறாள் என்று பார்க்க.

பிரவீன் என் ஷார்ட்ஸை இழுத்துப் பார்த்தான், உதறிப் பார்த்தான்.

"ஃபினிஷிங் சூப்பர்க்கா. ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தண்ணில எறங்கிருக்கீங்களா?"

"உப்புத் தண்ணில மூணு நாள் ஊறவச்சுதான் குடுக்கறேன்பா."

"எங்க, கடல்லயா?"

"டிரம்முல."

சிரிக்கவில்லை, அது வரைக்கும் நல்லவன். "டிரம்மு சும்மா நிக்கும்க்கா. அலை நிக்காதுல்ல."

ந.வின் பீஸ்கள் ஸ்டாண்டில் தொங்கின. ஒற்றை நிறம். கத்தரிப்பூ, மண், கருநீலம். அலை இல்லை, அன்னாசி இல்லை, ஒன்றும் இல்லை. கடலில் இருந்து ஏறி வந்த நாலு பையன்களில் மூன்று பேர் இடுப்பில் அதுதான். ஒருத்தன் சொன்னான்: "இது போட்டா போட்ட மாதிரியே இல்லண்ணா." பிரவீனிடம் சொன்னான். எனக்குக் கேட்கத்தான் சொன்ன மாதிரி இருந்தது.

பின்பக்கம் ஒரு தையல். இடுப்பிலிருந்து சாய்வாக இறங்கித் தொடையில் முடிகிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எதற்கு அது?

ஒன்று வாங்கினேன். "எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன். அவர் இடுப்பு நாற்பத்திரண்டு. எடுத்தது முப்பத்து நான்கு. பிரவீன் கவனித்திருப்பான்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை, பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 8, சனி

ஆட்களை ஒரு மணிக்கு அனுப்பிவிட்டு ந.வின் ஷார்ட்ஸைப் பிரித்தோம், நானும் மாஸ்டரும். ஒவ்வொரு துண்டாக அட்டை மேல் வைத்து வரைந்தோம். தப்பு என்று நினைக்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியிலும் இதைத்தான் செய்தோம். வெளிநாட்டுக்காரன் ஒரு பீஸ் அனுப்புவான், பிரித்துப் போட்டுப் படிப்போம். தொழிலில் பாதி இப்படிப் படித்ததுதான்.

சாய்ந்த தையல் எதற்கு? ஒரு மணி நேரம் இதே பேச்சு.

மாஸ்டர்: "குந்தச் சொல்லோ பின்னாடி இழுக்காம இருக்கும்க்கா."

நான்: தண்ணீர் அந்தத் தையல் வழியாக வடிந்துபோகும். பலகையில் குப்புறப் படுக்கும்போது துணி மேலே ஏறாது.

மாஸ்டர் தரையில் பாய் விரித்து, குப்புறப் படுத்து, கையால் துடுப்புப் போட்டுக் காட்டினார். "கரெக்டுக்கா! இதான்! பயங்கரமான மூளைக்கா அந்தம்மாக்கு!"

அந்தக் கடைசி வார்த்தை தேவையில்லை.

ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரர்: "யார் மேல கோவம்? ரசத்துல உப்பு அள்ளிக் கொட்டிருக்க." மேலே டிரம்முக்கு இரண்டு படி போட்ட கை, என்ன செய்ய.

மார்ச் 12, புதன்

60 ஷார்ட்ஸ் வெட்டியாயிற்று. சாம்பிள் என்று இரண்டு கொண்டுபோனால் பத்தாது. சரக்காகவே கொண்டுபோய் மேசையில் கொட்ட வேண்டும், அப்போதுதான் ந.வுக்குப் பயம் வரும். அலை பிரிண்ட், அதில் சாய்ந்த தையல்.

பிரிண்ட் அந்தத் தையலில் சேரவில்லை. அலை பாதியில் உடைந்து இன்னோர் அலை தொடங்குகிறது. மூன்றாவது மிஷின் அமலா, "ஏங்க்கா, கடலுக்கு ஆப்பரேஷன் பண்ண மாதிரி இருக்குதுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவளை நூல் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மிங்குக்கு மாற்றினேன். அது வேறு காரணம். (இல்லை.)

பீஸுக்கு மூன்று நிமிஷம் கூடுதல். துணி வீண். ந. இந்த நஷ்டத்தை எப்படித் தாங்குகிறாள்? தாங்குகிறாள் என்றால் அந்தத் தையலில் ஏதோ இருக்கிறது.

வீடியோ இன்று இரண்டு தடவைதான்.

மார்ச் 15, சனி

எழுதாமல் படுக்கலாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு நானும் மாஸ்டரும் பிரவீன் கடையில். ந. முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நோன்பு, உதடு காய்ந்திருந்தது. முகம் மட்டும் தெளிவு. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்டிக்கா இருக்கீங்க? எளச்சிட்டீங்களே." எனக்கு மூன்று கிலோ ஏறியிருக்கிறது.

பிரவீன் இரண்டு பேர் சரக்கையும் ஒரே மேசையில் பரப்பினான். என் அறுபதும் குவியலாக. அவன் கை என் ஷார்ட்ஸைத் திருப்பிப் போட்டதும் நின்றுவிட்டது. பக்கத்தில் ந.வின் கருநீலம். இரண்டிலும் அதே தையல், அதே சாய்வு, அதே இடத்தில் முடிவு.

மாஸ்டர் கடலைப் பார்த்தார்.

ந. என் பீஸை எடுத்தாள். தையல் மேல் விரலை ஓட்டினாள், மேலிருந்து கீழே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"யக்கா, உங்களுக்கும் துணி பத்தலயா?"

எனக்குப் புரியவில்லை. பிரவீனுக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். ரோல் முடிந்துபோன கடைசித் துணிகளாக வாங்கினாளாம், அகலம் குறைவு. பின்பக்கத் துண்டு முழுசாக வரவில்லை. "ஒட்டுப் போட்டேன். நேரா போட்டா ஒட்டுன்னு தெரிஞ்சிரும்ல, அதான் கொஞ்சம் சாய்ச்சு உட்டேன். அடுத்த லாட்டுல இருக்காது தம்பி, நல்ல துணி சொல்லிட்டேன்."

ஒட்டு. அறுபது பீஸில், அகலமான நல்ல துணியை வெட்டி, கூலி கொடுத்து, ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

"ஆமா" என்றேன். "பத்தல."

பிரவீன் வாயைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போனான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ந. தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? வழியெல்லாம் இதே யோசனை. தெரிந்து கேட்டிருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், பஸ் தாமதமானபோது நான் காப்பாற்றிய மாதிரி. தெரியாமல் கேட்டிருந்தால் என்னை நல்லவள் என்று இன்னும் நினைக்கிறாள். எது மோசம் என்று தெரியவில்லை.

மதுரவாயல் தாண்டித்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். "நானு பாயில வேற படுத்துக் காட்னேன்."

மார்ச் 17, திங்கள்

பிரவீன் போன். 250ம் நஸ்ரீனுக்கு. "பசங்க அததான் கேக்கறாங்கக்கா. உங்க தொப்பி இருவது எடுத்துக்கறேன்." இருபது தொப்பி. பிச்சை போடுகிற மாதிரி இருந்தது. சரி என்றேன். இருபது தொப்பியும் வியாபாரம்தான்.

யூனிட்டில் சொல்லவில்லை. அமலாவைத் திரும்ப மிஷினில் உட்கார வைத்தேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

காபி குடித்தேன். சர்க்கரையோடு.

மார்ச் 19, புதன்

புழுக்கம். மூன்று மணிக்கு மின்சாரம் இல்லை. வாசலில் ஸ்கூட்டர் சத்தம், பார்த்தால் ந. பழக்கத்தில் டீ கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அமலாதான் கிசுகிசுத்தாள்: "நோன்புக்கா!" டம்ளரைத் திருப்பி அனுப்பினேன். ந. சிரித்தாள். "விடுங்க்கா, வாசனை புடிச்சதே போதும்."

சுற்றி வளைக்கவில்லை. "என்கிட்ட மூணு மிஷினு. ஏப்ரல் பத்துக்குள்ள எரநூத்தம்பது பீஸு. பெருநாள் வேற வருது, பொண்ணுங்க ஊருக்குப் போயிரும். நீங்க தச்சுத் தாங்க்கா. பேட்டர்ன் நான் தரேன்." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, உங்ககிட்ட இருக்கும்" என்றாள்.

ஆக, தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிங் டேபிளைத் துடைத்தேன். "பாடில, திருமுல்லைவாயில்ல எத்தனை யூனிட்டு இருக்கு. என்கிட்ட ஏன் வர?"

"ஒட்டக்கூட நூல் பிசகாம காப்பியடிச்ச கை வேற யாருக்குக்கா இருக்கு?"

கிண்டலா, பாராட்டா? இரண்டும்தான். மாஸ்டர் துணி ரோலுக்குப் பின்னால் போய் இருமினார்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது. "அந்தப் பலகைல எப்டிடி நின்ன?"

"எங்க நின்னேன்! நாலு நாளு உழுந்தேன். மூக்கெல்லாம் தண்ணி, முட்டியெல்லாம் தோலு போச்சு. நின்னது எட்டு எண்ற வரைக்கும். அந்தத் தம்பி அத்த மட்டும் போட்டுட்டான்."

சந்தோஷமாக இருக்க வேண்டும், விழுந்திருக்கிறாள். இல்லை. நாலு நாள் விழுந்தும் ஐந்தாம் நாள் போயிருக்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. டிரம்மில் விழ முடியாது.

லேபிள் அவளுடையது. வெளியே அவள் பேர்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

வேண்டாம் என்பதற்கு:
1. என் மிஷின், என் ஆள், அவள் பேர்.
2. எஸ்டேட் முழுக்கத் தெரியும். ஸ்டெல்லா இப்போது நஸ்ரீனுக்குத் தைக்கிறாள் என்பார்கள்.
3. 2ஐயே இன்னொரு தடவை எழுதலாம்.

சரி என்பதற்கு:
1. பன்னிரண்டு பேர். ஏப்ரல், மே.

போன் செய்தேன். ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை: பின் பாக்கெட்டுக்கு அடியில் தண்ணீர் வடிய என் கண்ணிதான் வைக்க வேண்டும், அவள் வைக்கிற இரும்புக் கண்ணி ஒரே மாசத்தில் துருப்பிடித்துத் துணியில் கறையாகும். சண்டை போடுவாள், போடட்டும் என்று காத்திருந்தேன்.

"அய்யோ, அத்தத்தான்க்கா நானே கேக்கணும்னு இருந்தேன். அதுல நான் வீக்கு."

சண்டைகூடப் போடத் தெரியவில்லை அவளுக்கு. அதுவும் எரிச்சல்.

மார்ச் 24, திங்கள்

மேகம், மழை இல்லை. காலை ஒன்பதுக்குத் துணி வந்தது. நல்ல அகலம், நானே டேப் வைத்துப் பார்த்தேன். கூடவே லேபிள் கட்டு. கறுப்பு நாடாவில் வெள்ளை எழுத்து, 'நஸ்ரீன்', கீழே ஒரு வளைந்த கோடு. அலையாம். ஒற்றைக் கோடு. என் பிரிண்டில் நாற்பது கோடு.

சாயங்காலம் முதல் பீஸ் லைனிலிருந்து இறங்கியது. லேபிளை நானே வைக்கிறேன் என்று அமலாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது. தைத்துத் தூக்கிக் காட்டினேன்.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "யக்கா, லேபிளு கோணலா கீது."

"இல்லயே."

"கீதுக்கா. அந்தம்மா பேரு சறுக்கிக்கினு போவுது பாரு."

கோணல்தான். கால் அங்குலம். இத்தனை வருஷத்தில் என் கை கோணல் போனதில்லை. தெரியாமல் போனது என்று இங்கேயும் பொய் எழுத முடியாது.

"போகட்டும், யார் பாக்கப் போறாங்க" என்று வெட்டி வைத்த பன்டிலுக்கு அடியில் செருகினேன். மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார். அமலா அடுத்த லேபிளை எடுத்தாள்.

டாய்லெட் போய் முகம் கழுவி வந்தேன். பன்டிலைத் தூக்கி அடியிலிருந்து அதை உருவினேன். பிரித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நேராகத் தைத்தேன்.

இன்னும் 249.