ஒரு கண்ணை மூடிக்கொண்டு எறிகிறாள்

11 பிப்ரவரி 2008, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. சைக்கிள் சீட் முழுக்க ஈரம். துடைக்க மறந்து ஏறி, நாள் முழுக்க அவஸ்தை.

வாங்க வேண்டியவை: பென்சில் 2, நீள நோட்டு 1, அம்மாவுக்குத் தைலம், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் (மூன்றாம் முறையாக மறந்தாச்சு).

புராஜெக்ட் மூன்றாவது வாரம். தலைப்பு: பெண்கள் பாஸ்கெட்பால் டீமின் பலமும் பலவீனமும். புள்ளியியல் டிபார்ட்மெண்டில் எல்லோரும் மழை, நெல் விளைச்சல் என்று எடுத்திருக்கிறார்கள். நான் மட்டும் பந்து.

பி.டி. மேடம் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "போன வருசம் பன்னெண்டு பேரப் பொறுக்குனதுக்கு, எனக்கு வேண்டியவங்களப் போட்டுட்டேன்னு பிரின்சிபால் வரைக்கும் போயிட்டாளுங்க. இந்த வருசம் நம்பரு சொல்லட்டும். யாரு எத்தன எறியிறா, எத்தன விழுதுன்னு நீ எழுதும்மா."

23ஆம் தேதி சனிக்கிழமை சிதம்பரத்தில் போட்டி. பதினாறு பேரில் நாலு பேர் கழிய வேண்டும். அந்த நாலு பேர் யார் என்று என் நோட்டு சொல்லப்போகிறது. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம், ஒளிப்பானேன்.

சாயங்காலம் 4.30. பழைய செட் எட்டுப் பேர், போன வருடமே டீமில் இருந்தவர்கள். புது செட் எட்டுப் பேர், இந்த வருடம் சேர்ந்தவர்கள். தினமும் இரண்டு செட்டும் மோதும். பழைய செட் எறிவது கிழக்குக் கூடை. புது செட்டுக்கு மேற்குக் கூடை. பாதியில் பக்கம் மாறுவதில்லை. எப்போதும் அப்படித்தானாம், யாரும் கேட்டதில்லை.

என் இடம் மேற்குக் கம்பத்துக்குப் பின்னால், என்.எஸ்.எஸ். அறைச் சுவரில் சாய்ந்து. நல்ல நிழல்.

ஒன்றை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பந்து கையை விட்டு மேலே போகிற நேரம் எனக்கு எழுத வராது. வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே போய், ஒரு நொடி எங்கேயும் போகாமல் நிற்கிறது. அந்த நொடியில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. கீழே விழுந்த பிறகுதான் கோடு போடுகிறேன்.

13 பிப்ரவரி, புதன்

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று. நோட்டுத் தாள் பறக்கிறது, கல் வைத்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் 'நேரம், இடம்' என்று ஒரு கட்டம். முதல் நாள் '4.30, மேற்கு முனை' என்று எழுதியது. அதற்குக் கீழே எல்லா நாளும் அதே அதே என்று இரட்டைக் கோடு. எழுதுகிற வேலை மிச்சம்.

அமுதா. புது செட். என்னைப் போல மூன்றாம் வருடம்தான், தமிழ் மேஜர், ஊர் தேவனாம்பட்டினம். டீமுக்கு லேட்டாக வந்தவள். ஓட்டம் நன்றாக இருக்கிறது. குதித்து பந்தைப் பிடிப்பதில் அவள்தான் முதல், பழைய செட்டையும் சேர்த்து. எறிவதுதான் மோசம். இதுவரை 34-ல் 9. எறியும்போது முகத்தைச் சுளித்து இடது கண்ணை மூடிக்கொள்கிறாள். 'குறிப்பு' பத்தியில் எழுதினேன்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு எறிகிறாள். கெட்ட பழக்கம்.

தண்ணீர்க் குழாயில் அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"சிதம்பரத்துல ஆடி சர்டிபிகேட்டு கெடச்சா பி.பி.எட். படிக்க ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு உண்டுன்னு மேடம் சொன்னாங்கடி. இல்லாட்டிப் பண்ருட்டில முந்திரி கம்பெனி. அண்ணன் பேசி வெச்சிட்டான்."

"அங்க என்ன வேல?"

"பருப்பு ரகம் பிரிக்கிறது. முழுசு, ஒடசல், தூளு." சிரித்தாள். "உன் வேலதான்னு வெச்சுக்கயேன்."

நானும் சிரித்தேன்.

15 பிப்ரவரி, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. பனி போன இடம் தெரியவில்லை.

நேற்று இரவு உட்கார்ந்து சதவீதம் போட்டேன். பலம்: கேப்டன் ஸ்டெல்லா, 40-ல் 21. பழைய செட் எறிவது பொதுவாக நன்று. பலவீனம்: புது செட் எறிவது பொதுவாக மோசம். எவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வந்தது. படம் வரைந்து பச்சை, சிவப்பு அடித்தேன். அழகாக இருந்தது.

சாயங்காலம் மேடம் எல்லோரையும் உட்காரவைத்து என் நோட்டைப் படித்தார். பன்னிரண்டு பேர் பெயர். பிறகு கழிந்த நாலு, காரணத்தோடு.

"அமுதா. நாப்பதுல பதினொண்ணு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எறிகிறாள்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "குறி பாத்து காக்கா அடிக்கிறாளா?" என்றாள். அமுதாவும் சிரித்தாள். ஆனால் பையை எடுத்தவள் என் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டியல் சிதம்பரம் போகிறது.

நேற்றைய கனவு: பெரிய மைதானம், தரையெல்லாம் வெள்ளையாக முந்திரிப் பருப்பு. நான் குனிந்து எண்ணிக்கொண்டே போகிறேன். எண்ண எண்ண வெளிச்சம் கூடுகிறது.

18 பிப்ரவரி, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். கோணல் எழுத்து.

ஆண்டு விழாவுக்காக என்.எஸ்.எஸ். அறைக்குச் சுண்ணாம்பு. "பாப்பா, சாயாத, ஒட்டிக்கும்" என்றார் அடிக்கிறவர். வேறு வழியில்லாமல் கிழக்கு முனைக்குப் போய் மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். முதல் முறையாக.

ஐந்து மணி. மேற்குக் கூடையைப் பார்க்கிறேன், கூடையே இல்லை. வெயில்தான் இருக்கிறது. பலகை, வளையம் எல்லாம் உருகி ஒரே வெளிச்சம். யார் எறிந்தது, விழுந்ததா என்று எதுவும் தெரியவில்லை. நோட்டில் கேள்விக்குறியாகப் போட்டுக்கொண்டே போனேன். பதினேழு கேள்விக்குறி. பதினெட்டாவது போடும்போது என் இடது கண் மூடியிருப்பதைக் கவனித்தேன்.

சூரியன் கொஞ்சம் இடது பக்கமாக இறங்குகிறது. பிப்ரவரியில் அப்படித்தான்.

மூன்று வாரம் நான் வெயிலுக்கு முதுகு காட்டிச் சுகமாக உட்கார்ந்து, வெயிலைப் பார்த்து எறிந்தவர்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். நான் அளந்தது டீமை அல்ல. சூரியனை.

மேடம் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காலையிலயே ஆள் கொண்டுபோய்க் குடுத்தாச்சேம்மா."

"மாத்த முடியாதா மேடம்?"

"பேர் குடுத்தப்புறம் மாத்தணும்னா யாருக்காச்சும் அடிபட்டாத்தான்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "பழைய செட் கிழக்குக் கூடையத்தான் எடுத்துக்கும். நான் இங்க படிக்கிறப்பவும் அப்படித்தான். நானும் எடுத்திருக்கேன்" என்றார்.

19 பிப்ரவரி, செவ்வாய்

காலை 7. மேடமே வரச்சொன்னார். அதே செட், அதே கூடை. இப்போது சூரியன் கிழக்கே.

பழைய செட் கண்ணுக்குக் கை வைத்து மறைக்கிறது. ஸ்டெல்லா 10-ல் 3. "என்ன மேடம், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றாள். இரண்டு முறை சொன்னாள். புது செட் போட்டதெல்லாம் விழுகிறது.

அமுதா வரவில்லை.

கேவலமான எண்ணம் ஒன்று. பட்டியலில் பன்னிரண்டாவதாக இருக்கும் கவிதா படியில் இறங்கும்போது அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரமாக இறங்கிவிட்டாள்.

20 பிப்ரவரி, புதன்

தேவனாம்பட்டினம். சைக்கிளில் போனேன். நாளை மாசி மகம், ஊர் ஊராகச் சாமிகள் கடலுக்கு வரும். பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள், மைக்கில் ஒருவர் "அலோ அலோ" மட்டும் அரை மணி நேரம் சொன்னார். படகுகளை ஓரம் தள்ளியிருந்தார்கள்.

அமுதாவின் அம்மா, "வா கண்ணு, சாப்புடு" என்று மீன் குழம்பு ஊற்றினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊற்றியிருப்பாரா? சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுவும் குத்தியது.

பிறகு கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமுதாவிடம் சொன்னேன். பட்டியல் போய்விட்டதையும். அவள் மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு கூசுதுன்னு நீ ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"நீதான் தெனமும் எதுத்தாப்புல ஒக்காந்து என் மூஞ்சியவே பாத்து எழுதிட்டு இருந்தியே. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அலை வந்தது, போனது. என்னைக் கணக்குத் தெரிந்தவள் என்று நம்பிவிட்டாள். என் தப்பு. வேறு யார் மேலும் போட முடியாது.

"முந்திரி கம்பெனிக்கு எப்பப் போற?"

"திங்கக்கெழம. பரீட்ச எழுத மட்டும் வருவேன்."

23 பிப்ரவரி, சனி

சிதம்பரம். விடியற்காலை பஸ். புதுச்சத்திரம் தாண்டி இரண்டு பக்கமும் பனி, மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீரும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பஸ் எதன் மேல் போகிறது என்று புரியாமல் அப்படியே தூங்கிப்போனேன். கனவில் பந்து மேலே போனது. கீழே வரவேயில்லை.

எங்கள் போட்டி 4.15-க்குத்தான். அங்கேயும் சிமெண்டுத் தரை, கிழக்கு மேற்குக் கூடை. டாஸ் நமக்கு. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதப் பாதி நாம மேற்குக் கூடைய எடுத்துக்கலாம் மேடம். வெயில் ஒசரத்துல இருக்கும், அவ்வளவாக் கூசாது. ரெண்டாம் பாதியில எறங்கிடும். அவுங்க கண்ணுக்கு நேரா."

அப்படியே நடந்தது. ஐந்து மணிக்கு மேல் எதிர் டீம் பெண்கள் எறிந்ததெல்லாம் பலகையில் பட்டுத் திரும்பியது. அவர்களில் உயரமாக ஒருத்தி, இடது கண்ணை மூடி மூடி எறிந்தாள். நான் நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டேன்.

ஒன்பது பாயிண்டில் ஜெயித்தோம். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "நோட்டு ஜெயிச்சிடுச்சு மேடம்." மேடம் சிரிக்கவில்லை. கீழ வீதியில் எல்லோருக்கும் காபி, போண்டா. பன்னிரண்டு சர்டிபிகேட் வரும். எண்ணிப் பார்த்தேன், பழக்கம்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்கப் பாட்டு. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

24 பிப்ரவரி, ஞாயிறு

புழுக்கம். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒருவழியாக எடுத்தாயிற்று.

சாயங்காலம் காலேஜ். அமுதா டீம் பனியனைத் திருப்பிக் கொடுக்க வருகிறாள் என்று மேடம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். துவைத்து, மடித்து, தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். மேடம் வாங்கி வைத்துக்கொண்டு பந்து அறைச் சாவியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆள் இல்லாத மைதானம். ஐந்து மணி வெயில், நீள நிழல். அமுதா வழக்கமான ஞாபகத்தில் மேற்கே நடந்தாள்.

"அங்க இல்ல. இங்க வா" என்றேன்.

கிழக்குக் கூடை முன் நின்று கொஞ்ச நேரம் வளையத்தையே பார்த்தாள். "இவ்வளவு தெளிவாத் தெரியுமா இது" என்றாள், எனக்காக இல்லை.

இருபது எறிந்தாள். நான் இந்த முறை கம்பத்துக்குப் பின்னால் உட்காரவில்லை. அவள் பக்கத்தில், அவள் பார்க்கிற பக்கம் பார்த்து நின்றேன். ஒவ்வொரு பந்தும் மேலே போய் அந்த ஒரு நொடி நின்றது. நின்றபோதும் கோடு போட்டேன், நோட்டைப் பார்க்காமலே.

"இன்னும் எதுக்குடி எழுதுற? லிஸ்ட்டுதான் போயிடுச்சே."

"எழுதணும்."

"அப்ப மேல இருக்கிற அந்தக் குறிப்ப அடிச்சிடு."

அடிக்கவில்லை. அது என் கையெழுத்து, இருக்கட்டும். அதற்கு நேர் கீழே எழுதினேன். இரட்டைக் கோடு போடாமல், முழுசாக:

24.2.08. மாலை 5. கிழக்குக் கூடை, அமுதாவின் பக்கத்தில் நின்று. 20-ல் 14. இரண்டு கண்ணும் திறந்து.