திமிங்கலப் பல்லில் ஒரு முகம்

கோட்டைப்பட்டினம்
12.6.1956

மச்சானுக்கு,

கப்பலிலிருந்து நீங்கள் அனுப்பிய திமிங்கலப் பல் வந்து சேர்ந்தது. ஊரில் காத்திருக்கும் பெண்சாதியின் முகத்தைப் பல்லில் ஊசியால் கீறிக் கரி தேய்ப்பது அமெரிக்க மாலுமிகளின் வழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். கையில் என் போட்டோ இல்லாததால் நீங்கள் வாயால் சொல்லச் சொல்ல உங்கள் கப்பலில் இருக்கும் ஒரு கிழ அமெரிக்கர் கீறினாராம்.

கை தேர்ந்த ஆள்தான். தலைமயிரைக்கூட இழை இழையாகக் கீறியிருக்கிறார்.

உங்கள் ஆத்தா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இடது புருவத்துல என்னடி கோடு? வெள்ளைக்காரனுக்கு ஊசி வழுக்கிருச்சு போல" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அது வழுக்கல் இல்லை. நம் வீட்டில் இருக்கும் என் தங்கச்சிக்குச் சிறுவயதில் சிப்பி வெட்டிய தழும்பு. அதன் வளைவுகூடப் பிசகவில்லை. மச்சான், நீங்கள் யாரை நினைத்துச் சொன்னீர்கள்?

தபால்காரரிடம் பார்சலை வாங்கிப் பிரித்தவள் அவள்தான். யார் முகம் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. சட்டென்று கையால் புருவத்தை மறைத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
புருவத்தில் தழும்பு இல்லாதவள்