இடம் போதாதாம்

2024 செப்டெம்பர் 9, திங்கள்
போன் திரும்பவும் இடம் போதாது என்கிறது. நான் ஒன்றும் போடவில்லை. குரல் அனுப்புகிற அப்தான் மாதத்துக்கு மாதம் ஊதுது. போன வருசம் செய்த அதே வேலையைத்தானே இப்பவும் செய்யுது, பிறகேன் இவ்வளவு கொழுப்பு? இவருடைய மீன்பிடி வள்ளத்து இன்ஜின் இருபது வருசம் ஓடினது. ஒருநாளும் வள்ளத்தைப் பெருப்பிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

செப்டெம்பர் 15
பேத்தி சுவேதினி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "அம்மப்பாவின்ர குரலை எனக்கும் அனுப்பி விடுங்கோ அம்மம்மா. பழைய போன், ஒருநாள் கவுத்துப்போடும்."
மாட்டேன் என்றேன். கடலில் இருந்து இவர் எனக்கு அனுப்பினது, அறுபத்திரண்டு. "வாறன், உலையை வை" என்றதை ஊருக்கு ஏன் கொடுக்க வேணும்? ஆள் போய்ப் பதினொரு மாதம். அதுதான் மிச்சம்.

செப்டெம்பர் 27
அப் திறக்கவில்லை. புதுப்பிக்கட்டாம். புதுப்பிக்க இடமில்லையாம். இரண்டையும் சொல்லுறது அதுவேதான்.

செப்டெம்பர் 28
உப்புப் பிடிச்சு இன்ஜின் அடைச்சால் இவர் கழட்டி, நல்ல தண்ணியில கழுவித் திரும்பப் பூட்டுவார். ஓடும். நானும் போனிலயிருந்து அப்பைக் கழட்டினன். பூட்டப் போனால் — இந்தப் போன் பழசாம், இனி இதில ஓடாதாம். குரலெல்லாம் எங்க? ஐயோ, அதுக்குள்ளயே இருந்தது? அஞ்சாம் வகுப்புப் படிப்பெண்டாலும் எனக்கு எல்லாம் தெரியும் எண்ட திமிர். ஒருத்தரைக் கேட்டனானோ?

செப்டெம்பர் 29
ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

ஒக்டோபர் 6
சுவேதினி வந்து நாள் முழுக்கப் போனோடு இருந்தாள். கிடைக்கவில்லை. அவளும் வேலைக்குப் போகிற கந்தோரில் அப் செய்கிறவள்தான்.
"உதுகளைச் செய்யேக்க பழைய போன் வைச்சிருக்கிற சனத்தை நினைக்கிறேல்லையோ?"
"எங்களுக்குப் புதுப் போன் தந்திருக்கினம் அம்மம்மா. அதில ஓடினால் காணும் எண்டு விட்டிடுவம்." அழுதாள். நான் ஏசவில்லை. அவள் கேட்டபோது கொடுத்திருக்கலாம்.

நவம்பர் 2
சேமக்காலையில் இவருடைய கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, இவரோடு தொழிலுக்குப் போன றோயின் வீட்டுக்குப் போனேன். ஒன்று கேட்டு ஒருத்தருடைய படியும் ஏறாதவள் நான்.
அவனுடைய போனில் இவருடைய குரல் ஒன்று கிடந்தது. "டேய் றோய், டீசல் எங்கயடா? கோதாரி விழுவானே, வெயில் ஏறமுன்னம் வாடா!" பிறகு அந்த இருமல்.
றோய்க்கு வெட்கம். "ஏச்சுத்தான் அன்ரி கிடக்கு."
"பரவாயில்லை. திரும்பப் போடு."
நாலு தரம் கேட்டேன். பிறகு சுவேதினிக்கு அனுப்பச் சொன்னேன், அவன் மனுசியின் போனுக்கும்; ஒன்று கவுத்தாலும் மற்றதில் கிடக்கும். எனக்கென்று ஒரு சொல்லும் அதில் இல்லை.